கேஸ் சிரப்பிலிருந்து லிவர் ஓ.பி. வரை: வயிறு, கல்லீரல் சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் சித்தப்பாவுக்குக் குடி, சிகரெட், பாக்கு எதுவும் கிடையாது. விருதுநகர் பக்கம் சின்ன மளிகைக்கடை, இருபது வருஷச் சர்க்கரை, கொஞ்சம் தொப்பை. சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து கிளினிக்கில் கேஸ் என்று சொல்லி ரோஸ் கலர் சிரப் எழுதிக்கொடுத்தார்கள், அப்புறம் அவரே மெடிக்கலில் கேட்டு வாங்க ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, காலில் செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரை மறையவில்லை என்ற பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். வயிற்றில் நீர், சுருங்கிப்போன லிவர். சிரோசிஸ், அதாவது லிவர் தழும்பேறி இறுகிப்போவது. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் 'ரகசியமாகக் குடிச்சிருப்பார்' என்றுதான் நினைக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஆறு வருஷமாக அவரோடு ஓ.பி. வரிசையில் உட்காருவது நான்தான். அங்கே கற்றுக்கொண்டதும், டாக்டர்களைத் துளைத்துத் தெரிந்துகொண்டதும்தான் கீழே இருப்பது. நான் டாக்டர் இல்லை. மருந்தை நிறுத்துவது, மாற்றுவது எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான்.

படி 1: எப்போது போக வேண்டும்

விருந்து சாப்பிட்ட மறுநாள் புளிச்ச ஏப்பம் வருவதற்கெல்லாம் சிறப்பு மருத்துவர் தேவையில்லை, வீட்டுப் பக்கத்து டாக்டர் போதும். ஆனால் சில அறிகுறிகளை ஒருநாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது. இரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாகப் பிசுபிசுவென்று போகும் மலம், கண் மஞ்சளோடு காய்ச்சலும் குளிரும், வயிற்றில் நீர் இருப்பவருக்குக் காய்ச்சலோ வயிற்று வலியோ, லிவர் நோயாளி திடீரென்று குழம்பிப் பேசுவது. இவற்றுக்கு ஓ.பி.க்குப் போய் டோக்கன் வாங்கிக் காத்திருக்கக் கூடாது, நேராகக் கேஷுவாலிட்டி. (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுப்பாகும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.)

அதே மாதிரி, நெஞ்செரிச்சலோடு வியர்வையும் மூச்சிரைப்பும் இருந்தால் முதலில் ஈ.சி.ஜி., மற்றதெல்லாம் அப்புறம். 'கேஸ்தான்' என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்களின் கதை எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கும்.

எலி பேஸ்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் உள்ளே போனால் முதல் ஓரிரு நாள் ஆள் நன்றாக இருப்பது போலவே தெரியும், லிவர் செயலிழப்பது அதற்குப் பிறகுதான். குழந்தை தெரியாமல் வாயில் வைத்திருந்தாலும் சரி, பெரியவர் மனம் உடைந்து எடுத்திருந்தாலும் சரி, 'வாந்தி எடுத்துவிட்டான், சரியாகிவிட்டது' என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மனம் விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் 104-ஐ அழைக்கலாம்.

அவசரம் இல்லாவிட்டாலும் சிறப்பு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டியவை: விழுங்கும்போது சோறு நெஞ்சில் நிற்பது, காரணமில்லாமல் எடை குறைவது, காரணம் தெரியாத இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி அல்லது பேதி, ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக மலப்பழக்கம் மாறுவது, குடும்பத்தில் குடல் புற்றுநோய். பிறந்த குழந்தைக்கு இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாமல் மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் வெயிலில் காட்டிக்கொண்டு உட்காராதீர்கள். பித்தநாளம் அடைபட்டிருந்தால் அதற்கான அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்வதுதான் நல்லது.

படி 2: எந்த டாக்டர்

போர்டில் 'வயிறு சிறப்பு மருத்துவர்' என்று இருந்தால் மட்டும் போதாது, பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். டி.எம். கேஸ்ட்ரோஎன்டராலஜி என்றால் மருந்தும் எண்டோஸ்கோப்பியும் பார்ப்பவர், எம்.சி.எச். சர்ஜிகல் கேஸ்ட்ரோ என்றால் அறுவை சிகிச்சை செய்பவர், டி.எம். ஹெபடாலஜி என்றால் முழுக்க லிவர். நாங்கள் முதல் மூன்று மாதத்தை சர்ஜன் வாசலில் வீணாக்கினோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தவறான வாசலில் நின்றது நாங்கள்தான்.

தனியாரில்தான் இதெல்லாம் உண்டு என்று நினைக்க வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி, புதுச்சேரி ஜிப்மர் எல்லாவற்றிலும் கேஸ்ட்ரோ பிரிவு உண்டு, வேலூர் சி.எம்.சி. பற்றிச் சொல்லவே வேண்டாம். அரசு மருத்துவமனையில் சிறப்புப் பிரிவு ஓ.பி. எந்தெந்தக் கிழமை என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். விருதுநகரிலிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போய் 'இன்னிக்கு கேஸ்ட்ரோ ஓ.பி. இல்லையே' என்று கேட்டவன் சொல்கிறேன்.

படி 3: ஃபைல்

ஆறு வருஷத்தில் எங்களுக்கு அதிகம் உதவியது ஒரு நாற்பது ரூபாய் பிளாஸ்டிக் ஃபைல். ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக, புதியது மேலே இருக்கும்படி அடுக்குங்கள். டாக்டருக்கு ஒரே ஒரு எண்ணைவிட அது ஆறு மாதத்தில் எப்படி ஏறி இறங்கியது என்பதுதான் முக்கியம். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எல்லாம் என்றால் மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கியது, லேகியம், சூரணம், ஜிம்மில் கொடுத்த பவுடர் வரை. சித்தப்பா முழங்காலுக்கு வாரம் மூன்று டைக்ளோஃபெனாக் போடுவது ஃபைலில் இல்லவே இல்லை, பையைக் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது. குடிப்பழக்கம் இருந்தால் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மனைவி பக்கத்தில் இருப்பதால் சொல்ல முடியவில்லை என்றால் அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டாவது சொல்லுங்கள்.

படி 4: 'ஃபேட்டி லிவர் கிரேடு 2' என்று வந்துவிட்டதா

மாஸ்டர் செக்கப் செய்த வீடுகளில் பாதியில் இந்த ரிப்போர்ட் இருக்கும் போல. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இங்கேதான் ஆளாளுக்குக் குழம்புகிறார்கள்.

வயிற்று ஸ்கேனில் வரும் கிரேடு 1, 2, 3 என்பது லிவரில் எவ்வளவு கொழுப்பு தெரிகிறது என்பதற்கான கண்ணளவு. லிவர் எவ்வளவு தழும்பேறி இறுகியிருக்கிறது என்பதை அது சொல்லாது, பின்னால் ஆபத்து வருமா என்பதைத் தீர்மானிப்பதோ அந்தத் தழும்புதான். கிரேடு 1 என்று ரிப்போர்ட் வந்தவருக்குத் தழும்பு இருக்கலாம், கிரேடு 3 வந்தவருக்கு இல்லாமலும் இருக்கலாம். சர்க்கரை இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

தழும்பு இருக்குமா என்று ஊகிக்க ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் இரத்தச் சோதனையில் வரும் லிவர் என்சைம் அளவுகள். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை ஆயிரத்தில் எழுதி எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுங்கள். உதாரணத்துக்கு வயது 52, எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 64, தட்டணு 1.8 லட்சம், அதாவது 180 ஆயிரம். 52 × 48 = 2496. 64-இன் வர்க்கமூலம் 8, 180 × 8 = 1440. வகுத்தால் 1.73. 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு (65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கோடு 2), 2.67-க்கு மேலே என்றால் தாமதிக்காமல் சிறப்பு மருத்துவர், நடுவில் நின்றால் லிவரின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். நம் உதாரணக்காரர் நடுவில் நிற்கிறார். சித்தப்பாவின் பழைய சர்க்கரை ஃபைலில் இருந்த எண்களை வைத்து, எல்லாம் முடிந்த பிறகு நான் போட்டுப் பார்த்தேன். வயிறு வீங்குவதற்கு மூன்று வருஷம் முன்பே 3-ஐத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக 'கொஞ்சம்தான் அதிகம்', 'கொஞ்சம்தான் குறைவு' என்று இருந்ததால் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஃபைப்ரோஸ்கேனுக்கு மூன்று மணி நேரம் வெறும் வயிறு போதும், வலது விலாவில் விரலால் சுண்டுவது மாதிரி இருக்கும், பத்து நிமிஷத்தில் முடியும். கிலோபாஸ்கலில் ஒரு எண் வரும். 8-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் நிம்மதி, 12-ஐத் தாண்டினால் தழும்பு கணிசமாக இருக்கலாம்.

சரி, மருந்து என்ன? லிவர் டானிக் என்று பாட்டில் பாட்டிலாக விற்பதை நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் லிவர் கொழுப்பு குறையத் தொடங்குகிறது, 7-ஐத் தாண்டினால் அழற்சி தணிகிறது, 10 சதவீதம் குறைத்தவர்களுக்குத் தழும்பே இளகுவதைப் பார்த்திருக்கிறார்கள். 80 கிலோ ஆள் என்றால் 8 கிலோ, அதுவும் பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைக்காமல் மெதுவாக. ராத்திரி இரண்டாம் தடவை போடும் சோறு, டீக்கு டீ போடும் சர்க்கரை, கூல்டிரிங்க்ஸ், இந்த மூன்றில் கை வைத்தாலே எடை நகரும். சர்க்கரை போடாத காபி லிவருக்கு நல்லதுதான் என்று டாக்டர் சொன்னபோது சித்தி நம்பவே இல்லை. இன்னொன்று, கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் ஃபேட்டி லிவர் என்றதும் தாங்களாக நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தத் தேவையில்லை, கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 5: எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி

எண்டோஸ்கோப்பி என்பது வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு இரைப்பை வரை பார்ப்பது. அதற்கு முந்தின ராத்திரிச் சாப்பாட்டோடு சரி, குறைந்தது ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. தொண்டையில் கசப்பான ஸ்ப்ரே அடிப்பார்கள், எச்சில் விழுங்கினால் தொண்டையே இல்லாத மாதிரி இருக்கும், அது மருந்தின் வேலை, பயப்பட வேண்டாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி வாயில் வளையம் வைப்பார்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஐந்து பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மரமரப்பு போகும் வரை தண்ணீர்கூட வேண்டாம், புரை ஏறும். மயக்கம் கொடுத்துச் செய்தால் கூட ஒரு ஆள் வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள், சர்க்கரை மருந்து, ஊசி. வயிற்றுப்புண் கிருமியான ஹெச். பைலோரிக்குச் சோதனை செய்வதாக இருந்தால் பான்டோபிரசோல் வகை மாத்திரைகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். இந்தக் கிருமிதான் புண்ணுக்குக் காரணம் என்று யாரும் ஒத்துக்கொள்ளாத காலத்தில், ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் ராபின் வாரனோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரில் இன்னமும் அல்சர் என்றாலே 'நேரத்துக்குச் சாப்பிடாததால்' என்று முடித்துவிடுகிறோம். கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் ஆன்டிபயாடிக் கோர்ஸ், ஐந்தாம் நாள் எரிச்சல் நின்றதும் நிறுத்தக் கூடாது.

ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் கஷ்டம் எல்லாம் முந்தின நாள்தான். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, தக்காளி விதை, கேழ்வரகு வேண்டாம், இட்லி, மோர்சாதம் என்று ஓட்டுங்கள். பிறகு பவுடரைக் கரைத்து லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். உப்பும் இனிப்புமாகக் குமட்டும், ஃபிரிட்ஜில் வைத்துச் சில்லென்று குடித்தால் கொஞ்சம் இறங்கும். கடைசியில் மூத்திரம் மாதிரி தெளிவாகப் போக வேண்டும், கலங்கலாக இருந்தால் சின்ன கட்டிகள் கண்ணுக்குத் தப்பிவிடும், மறுபடி முதலிலிருந்து. சிவப்புக் கலர் ஜூஸ் வேண்டாம், உள்ளே இரத்தம் மாதிரித் தெரியும்.

குடலில் புண் என்று ரிப்போர்ட் வந்தால் நம் நாட்டில் ஒரு தனிச் சிக்கல். குடல் காசநோயும், உடலின் எதிர்ப்பு சக்தியே குடலைப் புண்ணாக்கும் குரோன் நோயும் ஸ்கோப்பில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர், குரோனுக்குக் கொடுக்கும் மருந்து காசநோயைக் கிளப்பிவிடும். அதனால் டாக்டர் பயாப்ஸியைத் திரும்பப் பார்க்கச் சொன்னாலோ, முதலில் சில மாதம் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றாலோ, 'இவருக்கே தெரியலை' என்று டாக்டரை மாற்றாதீர்கள்.

படி 6: மஞ்சள் காமாலையும் கீழாநெல்லியும்

காமாலை ஒரு அறிகுறி, காய்ச்சல் மாதிரி. காரணம் கெட்டுப்போன தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் (லிவரைத் தாக்கும் வைரஸ்) ஏ, ஈ ஆக இருக்கலாம், பித்தக்குழாயில் சிக்கிய கல்லாக இருக்கலாம், குடியாக, காசநோய் மாத்திரையாக, கணையக் கட்டியாகக்கூட இருக்கலாம். ஏ, ஈ வகைகள் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும். நாட்டு மருந்து குடித்த பத்துப் பேரில் ஒன்பது பேர் குணமானது எப்படி என்பதற்கு அதுவே பதில். கல் அடைத்தவரும் அதே வரிசையில் நின்று மருந்து குடித்துவிட்டுப் பத்தியம் இருப்பதுதான் விபரீதம். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் வீட்டு வைத்தியமே கூடாது, ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்கு உயிராபத்து.

கீழாநெல்லியை நான் கிண்டல் செய்யவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக நோபல் பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்ததாகச் சொன்னார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் இன்று நிரூபிக்கப்பட்ட மாத்திரைகள் இருக்கின்றன. சி வகைக்குப் பெரும்பாலும் 12 வாரம் சாப்பிட்டால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கிருமியே போய்விடும். 2018-ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம்.

கண்ணை மஞ்சளாக்கும் நிறமியான பிலிருபின் மட்டும் இரத்தச் சோதனையில் 2-ஐ ஒட்டி நின்று மற்றதெல்லாம் சரியாக இருந்தால் கில்பர்ட் சிண்ட்ரோமா என்று கேளுங்கள். அது பிறவி வாகு, வைத்தியமே வேண்டாம்.

படி 7: சிரோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள்

அத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை, ஆனால் வீட்டின் பழக்கம் மாற வேண்டும். குடி இருந்தால் ஒரு சொட்டுக்கூட இனி கிடையாது. உப்பு நாளுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன், அதுவும் எல்லாச் சமையலும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் வீட்டிலிருந்தே எடுத்துவிட்டோம், கண்ணில் பட்டால் அவர் கை நிற்காது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைச் சாய்த்துவிடும், தொடவே கூடாது. வலி, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில், நாளுக்கு 2 கிராமுக்குள்.

சாப்பாட்டில்தான் நம் ஆட்கள் தப்பு செய்கிறார்கள். லிவர் நோய் என்றதும் முட்டை, பருப்பு, பால் எல்லாவற்றையும் நிறுத்தி ரசம் சாதத்தில் போட்டுவிடுகிறார்கள், மூன்றே மாதத்தில் தோளும் தொடையும் எலும்பாகிவிடும். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும், 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். படுக்கும் முன் பாலோ சுண்டலோ ஏதாவது சாப்பிட வேண்டும், ராத்திரி நீளப் பட்டினி தசையைத் தின்னும்.

அப்புறம் மூளை மந்தம், லிவர் வடிகட்டாமல் விட்ட கழிவு மூளையைப் பாதிப்பது. சித்தப்பா கடையில் கால்குலேட்டரே கிடையாது, எல்லாம் மனக்கணக்கு. ஒருநாள் ஐந்நூறு ரூபாய் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, 340 போக எவ்வளவு என்று என்னைப் பார்த்தார். முந்தின இரண்டு ராத்திரி தூங்கவில்லை, பகலெல்லாம் கல்லாவிலேயே தூங்கி விழுந்திருக்கிறார். கையை நீட்டி விரிக்கச் சொன்னேன், மணிக்கட்டு காக்கை சிறகடிப்பது போல ஆடியது. சித்தியைக் கேட்டால் மூன்று நாளாக வெளிக்கே போகவில்லையாம். அன்றே கொண்டு போய்ச் சேர்த்தோம், இனிமா, லாக்டுலோஸ் சிரப் எல்லாம் கொடுத்து இரண்டாம் நாள் அவர், நான் வண்டி ஓட்டும் விதத்தைக் குறை சொல்ல ஆரம்பித்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. அதிலிருந்து காலண்டரில் தினமும் கோடு போடுகிறோம், நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போக வேண்டும், அதற்கேற்ப சிரப்பின் அளவைக் கூட்டிக் குறைக்க டாக்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

உணவுக்குழாயில் இரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி செய்வார்கள், இருந்தால் வெடிக்கும் முன் மாத்திரையோ ரப்பர் வளையமோ. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி. இரத்தச் சோதனையும் கட்டாயம், லிவர் கேன்சரைச் சின்னதாக இருக்கும்போதே பிடிக்க அதுதான் வழி. வயிற்றிலிருந்து 5 லிட்டருக்கு மேல் நீர் எடுத்தால் ஆல்புமின் என்ற புரதத்தை நரம்பூசி வழியாக ஏற்ற வேண்டும், விலை அதிகம், முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

படி 8: மாற்று அறுவை சிகிச்சையும் பணமும்

மெல்ட் என்று 6 முதல் 40 வரை ஒரு மதிப்பெண் உண்டு, இரத்தச் சோதனைகளிலிருந்து போடுவது, கூடக் கூட லிவர் மோசம் என்று அர்த்தம். 15-ஐத் தொட்டாலே மாற்று மையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள், முதல் தடவை நீர் கோத்ததும் பேச்சை ஆரம்பிப்பது இன்னும் நல்லது. ஐ.சி.யு.வில் கிடக்கும்போது கொடையாளியைத் தேடுவது நடக்காத காரியம். இறந்தவரின் உறுப்புக்கு மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிய வேண்டும். உயிரோடு இருப்பவர் என்றால் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் நெருங்கிய உறவாகக் கணக்கில் வருவார்கள், மற்றவர்களுக்கு அனுமதிக் குழு உண்டு. கொடுத்தவருடைய லிவர் சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். இந்தியாவில் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று 1998-ல் டெல்லியில் நடந்தது, அந்தக் குழந்தை நம் காஞ்சிபுரம், கொடுத்தவர் அப்பா. வளர்ந்து டாக்டராகிவிட்டார்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, மாற்று சிகிச்சைக்குத் தனி ஏற்பாடும் இருக்கிறது. ஸ்டான்லியிலும் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோய் முற்றும் வரை காத்திருக்காமல் கார்டை இப்போதே வாங்கி வையுங்கள்.

எங்கள் வீட்டில் லிவர் கொடுக்கச் சித்தப்பா மகன் முன்வந்தான். வயது 29, இரத்த வகை சரி, எல்லாம் சரி, ஸ்கேனில் அவனுக்கே ஃபேட்டி லிவர். எடையைக் குறைத்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி பரோட்டாவை விட்டு, காலையில் பைபாஸ் வரை நடந்து, நாலு மாதத்தில் 9 கிலோ குறைத்தான். இப்போது அவன் லிவர் சுத்தம். சித்தப்பாவின் மெல்ட் 12-லேயே நிற்பதால் இன்னும் தேவைப்படவில்லை, அடுத்த ஸ்கேன் மாசி மாசம்.